இரண்டு சிம்மும் ஐந்து சர்வர்களும்

நகரத்து அலுவலகம் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் புதிய கம்பெனி ஒன்று எனக்குப் பரீட்சை வைத்தது. வாடகைக்கு எடுத்த ஐந்து கிளவுட் சர்வர்களை ஒரு கூட்டமாகக் கோத்து, ஒரு பெரிய கணக்கைப் பங்குபோட்டுச் செய்ய வைக்க வேண்டும். நாலு மணிக்கு வீடியோவில் காட்ட வேண்டும். ஓடினால் வேலை.

கேரள எல்லையை ஒட்டிய குளத்தூர் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு மடிக்கணினியை விரித்தேன். தலைமைக்கு ஒரு சர்வர், பணியாட்களாக நான்கு என்று வாய்விட்டு எண்ணினேன். மரச்சீனிக் கிழங்கின் தொலியைச் சீவிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நாலு பணிக்காரரும் எங்க நிக்காவ?"

"மும்பையில."

"பாவம். வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு சாயா கூட குடுக்காத வீடாக்கும் இது."

மதியத்துக்குள் ஐந்தும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. வேற்றாள் நுழையாதிருக்க, என் இணைய இணைப்பின் ஐ.பி. முகவரிக்கு மட்டும் கதவு திறக்கும்படி ஒரு விதி எழுதினேன். பெருமை தாங்கவில்லை. பெருமை வந்தால் எனக்கு நடக்க வேண்டும். கவலை வந்தாலும் அப்படித்தான். கணினியைக் கையில் ஏந்தி, இணையம் தரும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். வாழையிலைகளில் வெயில் கிழிந்து தொங்கியது. மும்பைக் கதவு சாத்திக்கொண்டது.

கவலை வந்தது, நடந்தேன். முற்றத்தில் திறந்தது. தொழுவத்தருகே மூடியது. சாவிகளை மாற்றினேன், பலனில்லை. மூன்றே முக்காலுக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத் துணிந்தேன்.

"நில்லுங்க," என்றாள் மனைவி. "முற்றத்துல ஓடுது, கிணத்தடியில நிக்குது. போன்ல எந்த சிம்மு?"

இரண்டும். எல்லைக்காரர்களான எங்கள் போன்களில் கேரளத்துச் சிம் ஒன்று, தமிழ்நாட்டுச் சிம் ஒன்று. எதற்கு டவர் வலுவோ இணையம் தானாக அதற்குத் தாவும். முற்றத்தில் நான் மலையாளி, கிணற்றடியில் தமிழன். இருபது தப்படிக்குள் முகவரி மாறும் ஆளை மும்பை எப்படி நம்பும்?

"ஒரு எடத்துல இரிங்கன்னு பதினெட்டு வருசமா நான் சொன்னேன். கேக்கல்ல. இப்பம் மெஷினும் சொல்லியாச்சு."

கம்மலின் கம்பியால் குத்தி, தமிழ்நாட்டுச் சிம்மைக் கழற்றி மரச்சீனித் தொலிக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னை நாற்காலியில் அமர்த்தினாள்.

நாலு மணி. கணக்கு நான்காகப் பிரிந்து போனது. நான்கு விடைகளும் ஒன்றாகத் திரும்பி வந்தன. திரையில் இருந்த அதிகாரி தலையசைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: தினமும் எட்டு மணி நேரம் கேமராவை விட்டு எழாமல் இருக்க முடியுமா?

என் கால் பெருவிரல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. முடியும் என்றேன். கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் மனைவி துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். வருவதென்றால், அந்த நாற்காலியை விட்டு எங்கும் போகாதிருப்பது.