கல்லுக்குச் சுண்ணாம்பு

என் வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார். வந்த முதல் வாரத்திலேயே வீட்டில் நகரக்கூடியது எல்லாம் இடம் மாறிவிட்டது. அடுப்படி டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்தினார். மிளகாய்ப்பொடி டப்பா குட்டை என்பதால் கடைக்கோடிக்குப் போனது. விடிவதற்குள் வாசலைப் பெருக்கி, செருப்புகளை எல்லாம் ஒரே திசை பார்க்க வைத்துவிடுவார். கொடியில் மாட்டும் கிளிப்புகளைக்கூட நிறம் பிரித்துத்தான் மாட்டுவார். எதிர்வீட்டுக்காரி, உங்க வீட்டுக்காரர் சும்மாவே இருக்க மாட்டாரா என்று பொறாமையோடு கேட்டாள். ரெண்டு நாளைக்கு நீயே கூட்டிக்கொண்டு போ என்று சொல்ல வாய்வரை வந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தென்னங்கன்று விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கான்சாபுரத்தில் அவருடைய பங்குக்கு வந்த நிலம் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து ஃபோன் பேசும்போதெல்லாம் அங்கே தோப்பு வைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பது அதற்கப்புறம்தான். சொன்னபடியே ஊருக்கு வந்ததும் கன்றுகளை வைத்தார். கொஞ்ச நாளில் கிணற்று மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதுதான் காயில், எரிந்துபோனது. அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக் காயில் கட்டி வந்தால் தண்ணீர் வரும். கட்டாவிட்டால் வெயிலுக்கு அத்தனை கன்றும் கருகிப்போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தினமும் காலையில் டிபன் கேரியரோடு பைக்கில் போவார், பொழுது சாய முதுகுவலியோடு திரும்புவார். மோட்டார் என்னாச்சு என்று கேட்டால், இன்றைக்கு வேறு வேலை, மூச்சுவிட நேரமில்லை என்பார். மனுஷன் இப்படி உழைக்கிறாரே என்று நானும் பரிதாபப்பட்டு முதுகில் தைலம் தேய்த்துவிடுவேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிறுதான் லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் நிலத்துக்குப் போனேன். பாதையின் இரண்டு பக்கமும் பட்டாள முகாம் மாதிரி கல் பதித்து, ஒன்றுக்குச் சுண்ணாம்பு, அடுத்ததற்குக் காவி என்று மாற்றி மாற்றிப் பூசியிருந்தார். கன்றுக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு நம்பர். கன்றுகளுக்கு இன்னும் தண்டு வரவில்லை, வந்திருந்தால் அதற்கும் சுண்ணாம்பு விழுந்திருக்கும். மோட்டார் ரூம் கதவுக்குப் பச்சை பெயின்ட். உள்ளே எரிந்துபோன மோட்டார், துடைத்துப் பளபளவென்று இருந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வந்ததுபோல என்னை முன்னால் விட்டு, இரண்டடி பின்னால் வந்தார். ஒன்றாம் நம்பர் கன்றிலேயே குருத்து பழுத்திருந்தது.

"குருத்து காயுதே," என்றேன்.

"வேலி முடியட்டும். பொறவு மோட்டாருதான்," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் கம்பெனிக்கு லீவு சொன்னேன். அவர் வேலிக்கம்பி வாங்கப் போன நேரம் பார்த்து ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, டிரைவரை விட்டு மோட்டாரைக் கழற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பழக்கமான கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். மோட்டார் எங்கே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் துடைக்கிற பொருளைக் காணோம் என்பதுகூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது என்று இன்னும் எரிச்சல் வந்தது.

மோட்டார் தயாரானதும் மெக்கானிக்கோடு போய் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் பாய, அவர் மம்பட்டியால் மடை திருப்பிவிட, கன்று கன்றாகப் பாத்தி நிறைந்தது. வருகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவந்த பேச்சை, மெக்கானிக் கிளம்பினதும் எடுத்துவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை கை ஓயாமல் இருந்தால் அது வேலை ஆகிவிடுமா, ஆக வேண்டியது ஒன்றே ஒன்று, அது ஆனதா என்று விளாசினேன். மம்பட்டியைப் பிடித்தபடி நின்று முழுக்கக் கேட்டார். பிறகு வரப்பில் உட்கார்ந்தார்.

"மோட்டாரைக் காணோம்னதுமே நீதான்னு தெரியும்," என்றார். "காயில் கட்டுற கடை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. சொந்த ஊருல இதப் போயி யாருகிட்ட கேக்க? இம்புட்டு வருசமா எல்லாத்தையும் ஒத்தையில பாத்தவ நீ. ஒங்கிட்ட கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்க யாருகிட்டயும் கேக்க வேண்டாம்ல."

பேச்சில் மிச்சம் இருந்ததை விழுங்கினேன். கரண்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நானே அலைந்து பழகிவிட்டேன். அவர் செய்யட்டும் என்று எதையுமே விட்டுவைக்கவில்லை. கடைசியில் அந்த மோட்டாரையும் நானே தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்ட்டைத் தாண்டி ரெண்டாவது சந்து என்று கடைக்கு வழி சொன்னேன். மோட்டார்தான் ஓடுகிறதே, இனி அந்தக் கடைக்கு அவசியமில்லை. ஆனாலும் சந்துக்குள் எந்தப் பக்கம் திரும்பணும் என்று கேட்டுக்கொண்டார். மம்பட்டியில் ஒட்டியிருந்த சேற்றை ஒரு குச்சியால் வழித்துவிட்டார்.

"பொறவு, நம்ம ரேஷன் கடை எங்கன இருக்கு?" என்றார்.

அது எங்கள் தெரு முனையிலேயே இருக்கிறது. நான் சிரிக்காமல் வழி சொன்னேன்.