ரெஜியின் காற்சட்டையில் சிவப்பு

ப்ளீச் மணமும், சூடான துணியிலிருந்து எழும் ஆவியும்... மவுண்ட் ரோஸ்கில்லில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் லாண்டரி அறை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

நியூசிலாந்துக்கு வந்த புதிது. யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பாடு ஊட்டுகிற கேர்கிவர். வெட்கப்பட்டதே இல்லை. நன்றாகச் செய்தேன். இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ரெஜி. நெடுநெடுவென்று வளர்ந்த ஆங்கிலேயர். பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் 'மிஸ்டர் ரெஜி' என்பதில் வந்து நின்றேன்.

ஐம்பதுகளில் இங்கிலாந்தின் ஒரு கவுண்டி அணிக்கு வேகப்பந்து வீசியவர். கோடை முழுக்க வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். மழை பெய்தாலும் ஆடுகளத்தை மூடமாட்டார்களாம்... அந்த ஈரத்தில் பந்து வீசக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு ஓர் அறை, பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு அறை. மைதானத்தில் இறங்கக்கூட வேறு வேறு வாசலாம். வாசல் பிரிக்கிற கதை எங்கள் ஊர்க்காரனுக்குப் புதிதா என்ன? நான் சிரித்துவிட்டேன்.

இங்கிலாந்து அணிக்கு ஆடியதில்லை. ஒரேயொரு தடவை பன்னிரண்டாவது ஆளாகக் கூப்பிட்டு, தண்ணீர்த் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

"ஒரு சொட்டுக் கூடச் சிந்தேல்லை" என்பார் பெருமையாக.

(அவர் பேசிய ஆங்கிலம் என் ஞாபகத்தில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஓடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பிறகு ஒரு நாள் ஸ்ட்ரோக் வந்து அவருடைய வலக்கை விழுந்துவிட்டது. பந்து வீசிய கை.

அவருடைய ஜன்னலுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட மைதானம். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் நடக்கும். மனிதர் அந்த ஜன்னலுக்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பார். மேனேஜர் அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்... மாதக் கடைசிப் பரிசோதனையில் அந்தக் கை அசையாவிட்டால் முழுநேர நர்ஸிங் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அந்தப் பக்கத்து ஜன்னல்களில் கார் பார்க் மட்டும்தான் தெரியும்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அமுக்கிப் பழகச் சொல்லி ஒரு ஸ்பாஞ்சுப் பந்து கொடுத்தாள். ரெஜி அதை இடக்கையால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"இது நாய்க்குட்டி விளையாடுற சாமான்."

அடுத்த ஞாயிறு எங்கள் தமிழ்ப் பொடியன்களின் கிரிக்கெட் பையிலிருந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்து வந்தேன். சாயம் இன்னும் போகாத பந்து. அவருடைய உள்ளங்கையில் வைத்து, இரண்டு விரல்களை அதன் தையல்மேல் படுக்க வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை இஞ்சையே விட்டுட்டுப் போம்."

விட்டுவிட்டு வந்தேன். ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். எனக்குள் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

பரிசோதனை நாள். கோப்பையைத் தூக்கச் சொன்னார்கள். முடியவில்லை. சட்டைப் பொத்தானும் முடியவில்லை. மேனேஜர் அம்மா வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு, எப்போது அறை மாற்றலாம் என்று என்னிடம் கேட்டார். நான் குனிந்து அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து லாண்டரியிலிருந்து சரோஜா அக்கா வந்து நின்றார். மதுரைக்காரர். கையில் ரெஜியின் வெளிர்நிறக் காற்சட்டை.

"தம்பி, பெரியவருக்குக் கால்ல காயமா? ஒரு வாரமா எல்லா பேண்ட்லயும் ரத்தக்கறையா இருக்கு. ஊறப் போட்டாலும் போக மாட்டேங்குது."

தமிழ் விளங்காவிட்டாலும் கறையைக் கண்டதும் மேனேஜர் அம்மா பதறி எழுந்தார். நான் காற்சட்டையை வாங்கி விரித்தேன். வலது தொடையில், உள்ளங்கை அகலத்தில், செங்கல் நிறத்தில் ஒரு கறை.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தக் கறைக்காக என் அம்மாவிடம் எத்தனை தடவை ஏச்சு வாங்கியிருப்பேன். பந்தைப் பளபளப்பாக்கத் தொடையில் தேய்க்காத பந்துவீச்சாளன் உலகத்தில் உண்டா?

"இது ரத்தமில்லை, பந்துச் சாயம்" என்றேன். "இடக்கையால தேய்ச்சிருந்தா இடப்பக்கமெல்லோ பட்டிருக்கும்."

எல்லோரும் ரெஜியைப் பார்த்தோம். அவர் போர்வைக்குள்ளிருந்து இடக்கையால் பந்தை எடுத்து வலக்கையில் வைத்தார். விரல்கள் மெல்ல மூடின. வலக்கை தொடையில் மேலும் கீழுமாக, ஓர் அங்குலம், ஓர் அங்குலமாக நகர்ந்தது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை, மிஸ்டர் ரெஜி?"

"நீங்கள் கோப்பையைத்தானே தூக்கச் சொன்னனீங்கள். பந்தை ஒருத்தரும் கேக்கேல்லையே."

அறை மாறவில்லை. கடைசிவரை அந்த ஜன்னலோரம்தான் இருந்தார். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பந்துவீச்சைத் திட்டிக்கொண்டே பந்தைத் தேய்ப்பார். சரோஜா அக்கா அந்தக் கறையோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது எனக்குக் கிளென் ஈடனில் சொந்த வீடு, மோர்ட்கேஜ், ஹை ஸ்கூல் வாத்தியார் வேலை. டிவி கிரிக்கெட்டில் வெள்ளைப் பந்தும் கலர் கலர் உடுப்பும். யார் தேய்த்தாலும் ஒரு அடையாளமும் விழாது. என் மகள் ஆடுவதும் பெரும்பாலும் அந்த வெள்ளைப் பந்தில்தான்.

போன சனிக்கிழமை முதல்முறையாக அவளுக்கு வெள்ளை உடுப்பில், சிவப்புப் பந்தில் ஆட்டம். வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தினாள்.

"புதுக் கழுசானை என்ன செய்து வச்சிருக்கிறாள் எண்டு பாருங்கோ. இப்பவே ஊறப் போடப் போறன்."

"இட்ஸ் ஜஸ்ட் அ ஸ்டெயின், அம்மா" என்றாள் மகள்.

நான் அந்தக் காற்சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வலது தொடையில், உள்ளங்கை அகலத்தில்...

"இண்டைக்கு விடப்பா" என்றேன். "நாளைக்கு நானே தோய்க்கிறன்."