மாமாவிடம் வழி கேட்ட நாள்

தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு மறுநாள் பாய்மர வள்ளப் போட்டி நடக்கும். சப்பரம் இழுத்த களைப்பில் ஊரே படுத்துக் கிடந்தாலும், சங்கு குளிக்கப் போகிற வள்ளக்காரர்களுக்கு மட்டும் தூக்கம் வராது. உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். துணித் தட்டுப்பாட்டில் எல்லாப் பாய்களிலும் ஒட்டு மேல் ஒட்டு. அப்பாவின் பாயில் அம்மாவின் பழைய சேலைகூட இருந்தது.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. நானும் வருவேன் என்று அடம் பிடித்து அழுதேன். அப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி, வள்ளத்துக்குள் பாரத்துக்காகப் போட்டிருந்த மணல் மூட்டைகளின் மேல் உட்கார வைத்தார். "கெடக்கட்டும், ஒரு மூடை கூடுதல்" என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பதறுகிறது.

அப்பாவுக்கும் அம்மாவின் அண்ணனான மாமாவுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் தம்பியின் ஞானஸ்நானத்தில் மாமாவை ஞானத்தகப்பனாக நிறுத்தாமல் அப்பா தன் சிநேகிதரை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அவர்கள் வீட்டுக் கருவாடு எங்களுக்கும், எங்கள் வீட்டுப் பலகாரம் அவர்களுக்கும் தடையில்லாமல் போய் வந்தன. முதலில் வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அம்மா வாராவாரம் மெழுகுவர்த்தி ஏற்றி மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

போட்டியில் போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போது கச்சான் என்கிற அந்த மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும். நேரே வர முடியாது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வளைத்து வளைத்துத்தான் கரை சேர வேண்டும். வழியில் கடலடிப் பாறைத் திட்டு ஒன்று உண்டு. பார் என்போம். இரண்டு வள்ளங்கள் பக்கம் பக்கமாக வந்தால், பாரை ஒட்டி வருகிறவன் திரும்ப முடியாது. திரும்பினால் மற்றவன் மேல் மோதுவான். அதற்காக ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சுக்கான் பிடிக்கிறவன் "வழி" என்று கத்திக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் மற்றவன், ஜெயிக்கிற நிலையில் இருந்தாலும், உடனே திரும்பி இடம் விட வேண்டும். கேட்காதவனுக்கு விட வேண்டியதில்லை.

அன்று பாரை ஒட்டி வந்தவர் அப்பா. வெளிப்பக்கம் வந்தது, வேறு யார், மாமாதான்.

தண்ணீர் நீலம் மாறிப் பச்சையானது, பிறகு மஞ்சளானது. அடியில் பாசி ஆடுவது எனக்கே தெரிந்தது.

"அண்ணாச்சி, வழி கேளும்" என்றான் பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தவன்.

"சும்மா இருலே. பார் கிடக்கது அவனுக்குந்தான் தெரியுது. திரும்புவான்."

மாமா திரும்பவில்லை. சாய்ந்த வள்ளத்தில் மாமா பக்கம் உயர்ந்த விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நான் இருந்தேன். இரண்டு முதுகுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தபோது, மாமா எங்கள் பக்கமே பார்த்தபடி காத்திருந்தார். நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் ஒரு தடவை என் மேல் பட்டது. பிறகும் அவர் வாய் திறக்கவில்லை.

"மாமா, வழி!"

கத்தியது நான்தான். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. சுக்கானை அவர் இழுத்த இழுப்பில் பாய் படபடவென்று அடித்து அவர் வள்ளம் அப்படியே நின்றுவிட்டது. கிடைத்த இடத்தில் அப்பா திரும்பினார். அடிப்பலகை பாறையில் கரகரவென்று உரசியது மணல் மூட்டை வழியாக என் உடம்பில் ஏறியது. நாங்கள் ஜெயித்தோம்.

கரையில் இறங்கியதும் அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன் அவர் என்னை அடித்ததே இல்லை. "நான் கேக்கல, பிள்ளைல்லா கத்திட்டு" என்று அவர் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மச்சான்" என்று கூப்பிட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பிள்ளை உள்ள இருக்கது எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும்லா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, மாமா அப்பாட்ட பேசிட்டாங்க."

"என்னளா பேசினாவ?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். ஞானோபதேசம் ஒப்பிப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். அம்மா எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினாள். என் துணிகளையும் தம்பியின் துணிகளையும் மூட்டையாகக் கட்டினாள். அப்பா தடுக்கவில்லை.

மாமா தம்பியைத் தூக்கிக்கொண்டார். அம்மா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தாள். சண்டை தீர்ந்து மாமா வீட்டுக்கு விருந்துக்குப் போகிறோம் என்று, தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன்.