நான்கு மரியாதைக்காரர்களும் தஸ்தகீரும்

யாங்கோன் நகரத்தின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் மின்விசிறியும் மிக்ஸியும் விற்கிற தஸ்தகீர், குறை சொல்வதில் பேர் வாங்கியவர். கல்யாண மேடையிலேயே மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, "ஃபோட்டோவுல உசரமாத் தெரிஞ்சீங்களே" என்று கேட்டவர். சொந்தத் தங்கை வீடு கட்டி விருந்து வைத்தபோது மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "இது படியா, ஏணியா?" என்றார். தங்கை வெகுநாள் பேசவில்லை. கடையிலும் அதே வாய்தான். "இந்த மிக்ஸியா? வேணாம், தேங்காயப் பாத்தாலே நின்னுரும்" என்று தன் சரக்கையே சொல்லிவிடுவார். அதனால்தான் ஜனங்கள் தைரியமாக அவர் கடைக்கு வந்தார்கள்.

இளவயதில் பசுந்தாங் பேட்டைக் கால்பந்து அணியில் பின்வரிசையில் நின்று பந்தைத் தடுத்தவர். இப்போது வயிறு முன்னே வந்துவிட்டது, முழங்கால் பின்னே தங்கிவிட்டது.

போன மழைக்காலம் தொடங்கின சமயம், பிரேம்நாத் கடைக்கு வந்தார். தாகேதாவில் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவர். ஆசிரியர்களில் வயது குறைந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கால்பந்து அணியை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். அந்த அணி முந்தின வாரம் எட்டு கோல் வாங்கித் திரும்பியிருந்தது.

"அண்ணே, எங்க டீம்ல எந்த வரிசை ரொம்ப மோசம்னு ஒருத்தர் வந்து பாத்துச் சொல்லணும்."

"எட்டு கோல் வாங்கியிருக்கீங்க. எல்லா வரிசையும்தான் மோசம்."

"அது தெரியுது. பிரின்ஸிபால் அம்மா ஒரு வரிசைக்கு மட்டும்தான் தனியா பயிற்சிக்கு ஆள் போடுவாங்களாம். எந்த வரிசைக்குன்னு கேட்டா ஒரு பையனும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். எல்லாருக்கும் ஆனாதெ."

அடுத்தவர் மனசு சங்கடப்படுமே என்று தான் சங்கடப்பட்டு நிற்பதற்குப் பர்மிய மொழியில் உள்ள சொல் அது. யாங்கோன் தமிழர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது.

"நீங்களே சொல்லலாமே?"

"எனக்கும் ஆனாதெதான்."

"அப்ப எனக்கு?"

பிரேம்நாத் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கு அது கிடையாதுன்னு ஊருக்கே தெரியும் அண்ணே."

தஸ்தகீருக்கு இது பாராட்டாகவே பட்டது. அடுத்த நாள் மாலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். முதலில் நாற்காலி ஆடுகிறது என்றார். பிறகு மைதானம் சாய்ந்திருக்கிறது என்றார். தேநீர் வந்தது, அதில் பாலைக் காணோம் என்றார். அதற்குப் பிறகுதான் ஆட்டத்தைப் பார்த்தார்.

எட்டையும் விட்ட கோல்கீப்பர் ரிஹானைத்தான் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரிஹானே அப்படித்தான் நினைத்தான். கையுறையைக் கழற்றி மடித்துத் தயாராக வைத்திருந்தான்.

ஆனால் தஸ்தகீர் பார்த்தது வேறு. பந்து பின்பக்கம் வரும்போதெல்லாம் தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் நின்றுவிடுவார்கள். நடுவில் நிற்கும் செல்வம், வாட்டசாட்டமான பையன், பக்கத்தில் நிற்கும் பர்மியப் பையன் தூராவைப் பார்ப்பான். 'நீங்க எடுத்துக்கோங்க' என்கிற மாதிரி தூரா கையை நீட்டுவான். செல்வம் அதே மாதிரி கையைத் திருப்பி நீட்டுவான். பந்து இருவருக்கும் நடுவில் நன்றி சொல்லாமல் கடந்துபோகும். ஓரத்தில் நின்ற இருவரும் இந்த உபசாரத்தில் குறுக்கிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்பார்கள்.

தஸ்தகீர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"தடுப்பாட்டம்! நாலு பேரும்தான்! பந்து என்ன உங்க வீட்டுக்கு வந்த சம்பந்தியா? வாசல்ல நின்னு வரவேத்து உள்ள அனுப்புறீங்க?" என்று தமிழில் கத்திவிட்டு, தூராவுக்காக அதையே பர்மிய மொழியில் மறுபடியும் கத்தினார்.

நான்கு பேரும் வரிசையாக வந்து தலை குனிந்து நின்றார்கள்.

"நன்றி சயா. நீங்க சொல்றது சரிதான் சயா" என்றான் செல்வம். பர்மியர்கள் ஆசிரியரை அழைக்கிற மாதிரி. தூரா ஓடிப்போய்ப் பால் நிறைய விட்ட தேநீர் ஒன்று வாங்கிவந்தான்.

குறை சொன்னதற்கு இதுவரை யாரும் தஸ்தகீருக்கு நன்றி சொன்னதில்லை. பதிலுக்குத் திட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவருக்கு அது பழக்கம். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீரைக் குறை சொல்லாமல் குடித்தார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்ன, மீன்ல முள்ளா?" என்று கேட்டார் மனைவி சுல்தான் பீவி.

"அந்தப் பசங்க கோபப்படவே இல்ல."

"யாராவது திருப்பித் திட்டினாத்தான் உங்களுக்குச் சோறு எறங்கும். இருங்க, நான் திட்டறேன்."

மறுநாள் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு யாரும் கூப்பிடாமலே மைதானத்துக்குப் போனார். தனிப் பயிற்சிக்கு ஆள் போட வேண்டிய வேலை பிரின்ஸிபால் அம்மாவுக்கு இல்லாமல் போயிற்று.

பாடம் ஒன்றே ஒன்றுதான். பந்து வந்தால் ஒருவன் "ஙாஹா!" என்று கத்த வேண்டும். பர்மிய மொழியில் என்னுடையது என்று அர்த்தம். மற்றவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். கேட்க எளிதாக இருந்தது. ஆனால் செல்வம் அதை ஆஸ்பத்திரியில் பேசுகிறவன் மாதிரி சொன்னான். தூரா சொல்லிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டான். தஸ்தகீர் தொண்டை கட்டும்வரை கத்திக் காட்டினார். மழை கொட்டியது. அவர் நனைந்துகொண்டே நின்றார்.

அப்போது சுல்தான் பீவி குடையோடு வந்து சேர்ந்தார்.

"உங்களுக்கு அறிவு இருக்கா? முழங்கால் வலின்னு ராத்திரியெல்லாம் அனத்திட்டு இங்க வந்து மழையில நிக்கிறீங்க! தைலம் யாரு தேய்க்கிறது? இந்தப் பந்தா வந்து தேய்க்கும்?"

அந்தக் குரல் எதிர் கோல்வரை போய்த் திரும்பியது. பையன்கள் ஆடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். தஸ்தகீர் குடையை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"சயா, அவங்க இவ்வளவு கோபப்படுறாங்க, நீங்க சிரிக்கிறீங்க?" என்றான் செல்வம்.

"எம்மேல அக்கறை, கத்துறா. கத்தாம இருந்தாத்தான் எனக்குப் பயம்."

சுல்தான் பீவி பையன்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்னடா, கத்த வரலையா? பெத்தவங்க சோறு போடல? எங்க, என்னை விடச் சத்தமாக் கத்துங்க பாப்போம்."

பாதி பயத்திலும் பாதி சிரிப்பிலும் கத்தினார்கள். முதல்முறையாக ரிஹானுக்குக் கோலில் நின்றபடி அது காதில் விழுந்தது. அன்றிலிருந்து சுல்தான் பீவியும் தினம் வர ஆரம்பித்தார்.

அடுத்த ஆட்டம் வந்தது, போன தடவை எட்டு கோல் போட்ட அதே அணியோடு. செல்வம் "ஙாஹா!" என்று கத்திய கத்தலில் எதிர் அணிக்காரன் ஒருவன் மரியாதையாக விலகிக்கொண்டான். நடுவர் இரண்டு முறை காதைப் பொத்தினார். கடைசிக் கட்டம்வரை ஒன்றுக்கு ஒன்று. அப்போது ஒரு பந்து உயரமாக எழும்பி வந்தது. செல்வமும் தூராவும் அதன் கீழே ஓடினார்கள்.

"ஙாஹா!"

இருவரும் சட்டென விலகினார்கள். பந்து தரையில் குத்தி எழும்பி, திகைத்து நின்ற ரிஹானின் தலைக்கு மேலாக வலைக்குள் போயிற்று. கத்தியது மைதானத்துக்கு வெளியே நின்ற தஸ்தகீர்.

திரும்பும் பேருந்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் செல்வம் எழுந்து வந்து அவர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றான்.

"சயா, அந்தக் கோல் உங்களாலதான்."

"நான் பழக்கத்துல…"

"பழக்கமா? நீங்க பதினொரு பேர்ல ஒருத்தரா? இனிமே வெளியில நிக்கறவங்க வாயத் தொறக்கக் கூடாது!"

"ஆமா!" என்றான் தூரா, மன்னிப்புக் கேட்காமல்.

தஸ்தகீர் பதிலுக்குக் கத்தினார். அவர்களும் கத்தினார்கள். பேருந்து பசுந்தாங் பாலத்தில் ஏறி இறங்கும்வரை அது ஓயவில்லை. சுல்தான் பீவி நியாயமாக இரண்டு பக்கத்தையும் திட்டினார். அன்று இரவு தஸ்தகீர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். மறுநாள் பயிற்சிக்குப் போனதும், "நேத்து நான் பண்ணது தப்புதான். ஆனா தூரா, உன் இடது கால் இன்னும் வெறகுக்கட்டைதான்" என்றார்.

தோற்றாலும் எட்டு கோல் இரண்டாகக் குறைந்ததில் பிரின்ஸிபால் அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். முன்வரிசையையும் தஸ்தகீரே பார்த்துச் சொல்லட்டும் என்று பிரேம்நாத்திடம் சொல்லியனுப்பினார். அவர் வரப்போகிற நாளன்று முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் கண்டுவிட்டது. தஸ்தகீர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு மூன்று வீட்டுக்கும் போனார். ஒவ்வொருவனின் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்பதைப் பெற்றோர் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தார்.