திரையில் இருந்ததை நான் சொல்லவில்லை

திருச்செங்கோட்டில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றை நடத்தியவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். எங்கோ வெளிமாநிலத்தில் போர் போடும்போது கம்ப்ரசர் குழாய் வெடித்து முகத்தில் அடித்துவிட்டது. ஊர் திரும்பி, பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையம் ஒன்றில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொண்டார். அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு, அடிப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தார். ஜனங்கள் சொல்லச் சொல்ல இவர் அடிப்பார். ஹெட்போனில் கணினி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லும். அவர் மனுவில் பிழை இருக்காது என்று அலுவலகத்துக்குள்ளேயே சொல்வார்கள்.

நான் அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கணினிக் கம்பெனியில் சர்வீஸ் வேலையில் இருந்தேன். பிரிண்டர் காகிதத்தை இழுக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார். பத்து நிமிட வேலை. முடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எனக்கு லினக்ஸ் என்றால் ஒரு வெறி. அவருடைய திரையில் பத்து வருடப் பழைய பதிப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, இது ரொம்பப் பழசு. புதுசா போட்டுத் தர்றேன். காசெல்லாம் வேண்டாம்."

"வேண்டாங்க தம்பி. இது பேசுதுங்க. எனக்கு அது போதுமுங்க."

"புதுசும் பேசும்ணா. இதவிட நல்லாப் பேசும்."

பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினில் நின்றிருந்த அவர் மனைவி, "படிச்ச புள்ள, நல்லதுக்குத்தான சொல்லுது. போட்டுக் குடுக்கட்டுமுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவருடைய மனுக்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தேன். புது லினக்ஸ் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. பேசும் மென்பொருள் ஏறவில்லை.

லினக்ஸ் என்பது ஒரே பொருள் இல்லை. அதில் பல வகைகள் உண்டு. ஒரு வகைக்காகக் கட்டிய மென்பொருள் இன்னொன்றில் உட்காராது. உட்கார வைத்தாலும், அது ஓடுவதற்கு அடியில் வேறு பத்து சின்ன மென்பொருள்கள் வேண்டும். ஒவ்வொன்றும் அது கேட்கும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அழித்தேன். எப்படியும் ஏற்றிவிடலாம் என்ற திமிர்.

முதல் நாள் பேசும் மென்பொருள் ஒன்றின் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி நானே கட்டினேன். குரல் வந்தது, தமிழ் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு ஆங்கிலத்தையும் எண்களையும் படித்தது. இரண்டாம் முறை போனபோது வேறு வகை லினக்ஸைப் போட்டேன். தமிழ் பேசியது, ஆனால் அவருடைய பிரிண்டரை அது கண்டுகொள்ளவே இல்லை. எல்லா வகையிலும் ஓடும் என்று சொல்லி வருகிற ஒரு பொட்டலத்தை மூன்றாம் முறை போட்டேன். அது தன் ஜன்னலுக்குள் இருப்பதை மட்டும் படித்தது. மனு அடிக்கும் ஜன்னலை எட்டிப் பார்க்க அதற்கு அனுமதி இல்லை.

ஒவ்வொரு முறையும் அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி ஓடும். "முடியப் போகுதுங்கண்ணா" என்பேன். கண் தெரிந்தவராக இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்குத் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாம் வாரம் அப்படிச் சொன்னபோது, "தம்பி, நீங்க ஒரே கட்டளைய ஒம்பது தடவ அடிச்சிட்டீங்க" என்றார். "சத்தத்துலயே தெரியுதுங்க. அடிக்கறீங்க, நிறுத்தறீங்க, மறுக்காவும் அதையே அடிக்கறீங்க. பழசையே போட்டுக் குடுத்திருங்க."

பழசு எங்கேயும் இல்லை. நான் நகல் எடுத்து வைக்கவில்லை. பயிற்சியாளர் அதை ஏற்றி வைத்திருந்த இணையதளம் மூடிக் கிடந்தது. அவருடைய கைப்பேசி எண்ணை வேறு யாரோ வைத்திருந்தார்கள். இதைச் சொல்வதற்குப் பதிலாக நான் எரிந்து விழுந்தேன். "காலத்துக்குத் தகுந்த மாதிரி நீங்களும் கொஞ்சம் மாறணும்ணா. பழசையே புடிச்சுத் தொங்குனா எப்படி?"

மனு கொடுக்க வந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்தார். அவர் மட்டும், "சரீங்க" என்றார்.

அதற்குப் பிறகு குரல் இல்லாமலே அடிக்கத் தொடங்கியிருக்கிறார். விரல் பழக்கம் கைவிடாது என்று நம்பியிருக்கிறார். ஒரு விவசாயியின் பட்டா மனுவில் சர்வே எண் ஒன்று மாறிவிட்டது. அலுவலகத்தில் மனுவைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷன் கடை வாசலில் நின்று, "குருடங்கிட்ட எழுதக் குடுத்ததுக்கு என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனானாம். பக்கத்துக் கடைக்காரர் அன்றே இவருடைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் எனக்கு அவர் மனைவி போனில் சொன்னது. குற்றம் சாட்டும் குரலில்கூட இல்லை, ஒரு தகவல் மாதிரி. அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுக்கவில்லை.

எடுக்காவிட்டாலும் அதை விடமுடியவில்லை. சேலத்தில் என் அறையில், அவருடைய கணினியைப் போலவே ஒரு பழைய மாடலை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு மாதம் முட்டினேன். கடைசியில் எந்த வகை, எந்தப் பதிப்பு, எதை எதற்குப் பின் ஏற்ற வேண்டும் என்பது பிடிபட்டது. குரலும் வந்தது, பிரிண்டரும் ஓடியது. அந்தக் கணினியை அட்டைப் பெட்டியில் வைத்து, பைக்கில் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனேன்.

அவர் இருந்த கடையில் வேறு யாரோ கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஊருக்கு வெளியே, தறிப் பட்டறைகளுக்கு நடுவில். அவர் கட்டிலில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றும் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் குரல் கேட்டதும் கை நின்றது.

"அண்ணா, இப்ப பேசுதுங்க. கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனை நீட்டினேன்.

அவர் கையை நீட்டவில்லை. "தண்ணி குடிக்கறீங்களா தம்பி?" என்றார்.

"ஒரு நிமிஷம் கேளுங்கண்ணா."

"வேண்டாங்க. நல்லாத்தான் பேசும். நீங்க செஞ்சா நல்லாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போயிருங்க."

"இங்கயே வெச்சுட்டுப் போறேன்."

"வெக்காதீங்க. வெச்சா அவ தினமும் தொடச்சிட்டிருப்பா. எனக்கு அது கேக்கும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வாரமே, எந்த வரிசையில் எதை ஏற்ற வேண்டும் என்பதைப் படிப்படியாக எழுதி லினக்ஸ் ஆட்கள் கூடும் ஒரு இணையப் பக்கத்தில் போட்டேன். நிறையப் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். இதை எதற்காகக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். சும்மா ஒரு ஆர்வத்தில் செய்து பார்த்தேன் என்று பதில் எழுதினேன்.