பட்டியலில் எழுதிய வாய்க்கரிசி

1. காலை ஏழரை மணிக்கு, அலோர் காஜாவில் அண்ணன் வீட்டில், பேத்திக்குத் தலைபின்னிவிட்டு எழுந்தபோது அம்மா விழுந்து இறந்தார்.

2. மலாக்கா மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலையில் இருந்த எனக்கு எட்டரைக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. பஸ் பிடித்து வீடு போய்ச் சேரப் பத்தரை ஆனது.

3. அம்மா விரும்பியபடி, செலண்டார் பக்கம் அவர் ஆசிரியையாக இருந்த ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் அடக்கம் செய்வதென்று முடிவானது.

4. இடுகாடு, தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு வெளியே இருந்தது. தோட்டத்து மக்கள் வேலியைத் தாண்டி வர அனுமதி வேண்டும். போலீஸ் நிலையத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.

5. மூன்று மணிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு வரி மட்டும் சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது.

6. ஐந்து மணிக்குத் தோட்டத்து வாசலில் பெண்களிடமிருந்து அரிசியைப் பிடுங்கினார்கள்.

7. ஆறு மணி ஊரடங்குக்குள் அம்மாவைப் புதைத்தோம்.

நடந்தது இவ்வளவுதான். இதில் என் தவறு நான்காவதில் இருக்கிறது.

அம்மா இறந்த பிறகு அவரைத் தெய்வம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தெய்வத்துக்கு அவ்வளவு கோபம் வராது. நகத்தில் அழுக்கு இருந்தால் பிள்ளையைக் குழாயடிக்கு அனுப்பிவிடுவார். பால் வெட்டப் போன பெற்றோர் பிள்ளையையும் மரத்தடிக்குக் கூட்டிப்போனால், குடையை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுக்கே போய் அழைத்து வருவார். பெற்ற மகளென்று எனக்கு ஒரு சலுகையும் இல்லை. கணக்கில் விடை சரியாக இருந்தாலும் வழியை எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான். ஆனால் பேத்தி வந்த பிறகு அதே அம்மா, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அது அழுதால், “இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே” என்றார். நான் ஒரு நாளும் கேட்டறியாத வாக்கியம் அது.

விஜயதசமியன்று அவர் ஒன்று செய்வார். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி கொண்டுவரும். அதைத் தாம்பாளத்தில் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைப்பார். பிறகு அரிசியை அதன் கையிலேயே கொடுத்து, வீட்டில் பொங்கச் சொல்வார். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுக்கத் தொடங்கிய பிறகும் அவர் இதை விடவில்லை.

அதனால்தான் அந்த ஆசை. ஓய்வு பெற்று அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு பலமுறை எங்களிடம் சொல்லியிருக்கிறார்: “வீட்டு அரிசி நீங்க போடுங்க. தோட்டத்துல எம் புள்ளைங்க வந்து போடணும். அது போடாம மூடிறாதீங்க.”

விண்ணப்பத்தில், வேலிக்கு வெளியே கொண்டுவரும் பொருள்கள் என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைத் தொட மாட்டோம், கொட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் வரிசையாக எழுதினேன். கற்பூரம், ஊதுபத்தி, பூ, மண்வெட்டி இரண்டு, மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, தண்ணீர்க் குடம். ஏழாவதாக, வாய்க்கரிசி, ஆளுக்கு ஒரு பிடி.

காட்டில் ஒளிந்து வெள்ளைக்கார அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் வேலியே போட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு பிடிக்கு யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மாவை ஏற்றிய லாரி தோட்டத்து வாசலுக்குப் போனபோது, உள்ளே முப்பது நாற்பது பெண்கள் முந்தானை முனையை முடிந்து பிடித்தபடி நின்றிருந்தார்கள். ஆண்கள் பின்னால். பட்டியலில் வாய்க்கரிசி அடிபட்டது அவர்களுக்குத் தெரியாது. வாசலில் காவலுக்கு நின்றவர் அம்மாவிடம் படித்தவர். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மேசைமேல் ஒரு பிஸ்கட் டின். அருகில் வெள்ளைக்கார அதிகாரி என் பட்டியலின் நகலைக் கையில் வைத்திருந்தார்.

ஒவ்வொருவராக முடிச்சை அவிழ்த்து டின்னில் கொட்டினார்கள். ஒரு கிழவி மட்டும் முந்தானையை விடவில்லை.

“ஏன்டா, டீச்சரம்மா ஒன்னய பெஞ்சு மேல நிக்க வச்சதுக்கு இன்னிக்கு பழி வாங்குறியா?”

“பாட்டி, சும்மா இரு லா. தொர பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“பாக்கட்டும். ஒரு புடி அரிசில அவரு ராஜ்ஜியம் கவுந்துருமா?”

“எனக்கு வேல போயிரும் பாட்டி. அப்புறம் எம் புள்ளைங்களுக்கு நீதான் சோறு போடணும்.”

“போடுறேன். மொதல்ல இத விடு.”

அவர் விடவில்லை. கிழவியின் அரிசியும் டின்னுக்குள் போனது. நான் மேசைப் பக்கம் போனதும் அவர் தலையைத் தூக்காமல் தணிந்த குரலில் கேட்டார்.

“ஏன் தங்கச்சி எழுதுன?”

“கேட்டிருந்தாங்க. எழுதினேன்.”

“எழுதாம வந்திருந்தா, நா முந்தானையவா தொட்டுப் பாக்கப் போறேன்? இப்ப பேப்பர்ல இருக்கே லா.”

அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சடங்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மறுபடி விளக்கினேன். கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது ஐந்து இருபது.

இடுகாட்டில் பெண்கள் வரிசையாக வந்து, வெறுங்கையை அம்மாவின் வாயருகே கொண்டுபோய் எடுத்தார்கள். சிலர் அதையும் செய்யாமல் நின்றுவிட்டுப் போனார்கள். லாரியில் திரும்பும்போது அண்ணன், “ஒன்னய இவ்வளவு படிக்க வச்சது அவங்கதான்” என்றார். குத்திக் காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் சடங்கு அண்ணன் வீட்டில் நடந்தது. தோட்டத்திலிருந்து யாருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. டின்னில் இருந்த அரிசி என்ன ஆனது என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். முதல் கடிதத்துக்கு, அது வேறு அலுவலகத்தைச் சேர்ந்தது என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்துக்கு எழுதிய இரண்டாவதற்குப் பதில் இல்லை.

வரும் மாதம் அம்மாவின் முதல் திதி. இடுகாட்டில் படையல் வைக்க, தோட்டத்து மக்கள் வெளியே வர அனுமதி கேட்டு மறுபடி விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பொருள்கள் என்ற இடத்தில் கற்பூரம், பூ என்று இரண்டு மட்டும் எழுதினேன். கொடுத்துப் பதினொரு நாளாகிறது. வேலி அப்படியே இருக்கிறது. பதில் வரவில்லை.