செவ்வந்தியின் குதிகால்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற வழியில், குடமுருட்டிக் கரையோரம் ஒரு சனீஸ்வரன் கோயில் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஏழரைச் சனி பிடித்தவர்கள் அங்கே வந்து, நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பீடை துணியோடு கழன்றுவிடும் என்பது ஐதீகம். சரி, கழலட்டும். கழன்றது எங்கே போகும் என்று இத்தனை பேரில் ஒருவராவது கேட்டதுண்டா?

செவ்வந்தியிடம்தான் போகும். குளத்துத் துணியை ஏலத்தில் எடுத்திருக்கும் துரைராசுவிடம் அவளுக்கு வேலை. விடிந்தும் விடியாததுமாக, கொக்கி கட்டிய மூங்கில் கழியால் துணிகளை இழுத்துப் போட்டு, பிழிந்து, சாக்கில் அடைத்து வண்டியில் ஏற்றுவாள். பட்டறைகளில் கிரீஸ் துடைக்க அவை போகும். புருஷன் இளையபெருமாள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்ப் பாம்பு கடித்துச் செத்த வருஷம் பிடித்த கழி அது. அந்தக் கழியை வைத்துத்தான் மகன் வளவனைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தாள். இப்போது அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர்.

கோயில் ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஒரு கதை ஓடும். யாரோ ஒரு ராஜா கால் கழுவும்போது குதிகாலில் ஒரு பொட்டு இடம் நனையாமல் விட்டானாம். அந்த இடத்தின் வழியாகச் சனி உள்ளே புகுந்து, நாடு போய், கடைசியில் கட்டினவளைக் காட்டில் தூங்க வைத்துவிட்டு, அவள் சேலையில் பாதியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ஓடினானாம். செவ்வந்தி அந்தக் கதையை அப்படியே நம்பினாள். வேலை முடிந்து வந்தால் வாசல் அடிபம்பில் செங்கல் துண்டை வைத்து இரண்டு குதிகாலையும் சிவக்கச் சிவக்கத் தேய்த்த பிறகுதான் வாசற்படி ஏறுவாள். குளத்து நூல் ஒன்றுகூட அவள் வீட்டுக்குள் போனதில்லை. புத்தம் புதுப் பட்டுவேட்டி மிதந்தாலும் சரி, சாக்குக்குத்தான் போகும்.

அதே ஒலிபெருக்கியில் இன்னொரு கதையும் வரும். சூரியனின் சூடு தாங்காமல் அவன் பெண்டாட்டி தன் நிழலை வீட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாளாம். அந்த நிழல் பெற்ற பிள்ளைதான் சனியாம். "அந்தப் பிள்ளையை ஊரே பயந்து கும்பிடுது. பெத்தவளை ஒரு நாய் சீண்டுதா பாரு," என்பாள் செவ்வந்தி.

அவளையும் ஊர் அப்படித்தான் வைத்திருந்தது. கல்யாண வீட்டில் அவள் கையில் தாம்பாளம் கொடுக்க மாட்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் போன வருஷம் நடந்ததுதான் அவளால் தாங்க முடியாதது. மருமகள் செம்மொழி முழுகாமல் இருந்தாள். பச்சைப் பிள்ளை உடம்புக்குப் பழைய துணிதான் பதமாக இருக்கும். இளையபெருமாளின் வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து, நீல நூலால் ஓரம் அடித்து, வளவனிடம் கொடுத்தனுப்பினாள். அஞ்சாம் மாசம் கரு கலைந்துவிட்டது. சம்பந்தியம்மா கேட்ட முதல் கேள்வி, அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதுதான்.

வளவன் போனில் கேட்டான். "ஒங்க அப்பா வேட்டிடா," என்றாள். "சரிம்மா," என்றான். அவன் நம்பிவிட்டான் என்றே இவள் நம்பினாள்.

இப்போது செம்மொழிக்கு மறுபடியும் ஏழாம் மாசம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "பெயர்ச்சிக் கூட்டம் முடியட்டும்மா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்று வளவன் சொல்லியிருந்தான். தாலியறுத்தவளானாலும் முதல் வளையலை மாமியார்தான் போட வேண்டும் என்றும் அவனே சொன்னான். செவ்வந்தி பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி, உடையாமல் இருக்கப் பருத்தியில் பொதிந்து, அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

சனி கும்பத்துக்குப் பெயர்ந்த அந்த மார்கழியில் கூட்டம் சொல்லி மாளாது. பெயர்ச்சிக்கு மறுநாள் காலை பனி விலகுமுன்னே குளத்துக்குப் போனாள். தண்ணீரே தெரியவில்லை, எண்ணெயும் துணியும்தான் தெரிந்தன. கோயில் வாசலில் எள் பொட்டலம் விற்கிற ராமாயி கடையை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ செவ்வந்தி, நேத்து சாயங்காலம் ஒம்மவனைப் பாத்தேனே. வீட்டுல இருக்கானா?"

"யாரு, வளவனா? அவன் நாளைக்குத்தான் வர்றான். நீ வேற யாரையாவது பாத்திருப்ப."

"என்கிட்டத்தான் எள்ளு வாங்குனான். மீன ராசிக்கு ஏழரை ஆரம்பிக்குதாமே. கூப்பிட்டேன், காதுல விழல போல."

வளவனுக்கு மீன ராசிதான். வந்தவன் நாலு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு வராமலா போவான்? கூட்டத்தில் நேரமாகியிருக்கும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பான் என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டு கழியைத் தண்ணீரில் விட்டாள்.

வடக்குப் படித்துறையில் அது சிக்கியது. காப்பிக் கலரில் கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு அவள் எடுத்துக் கொடுத்தது. காலரில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம், அவளே தைத்தது. சட்டைக் கைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, நடுவில் எதையோ மூட்டை கட்டியிருந்தது. அவிழ்த்தாள். வெள்ளைச் சதுரங்கள், ஓரத்தில் நீல நூல். ஒன்றுகூடக் குறையவில்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் நம்பவே இல்லை. ஒரு வருஷமாக, சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே, பெற்றவள் கையைப் பீடை என்று மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வளவன்தான்.

"அம்மா, லீவு கெடைக்கல. வளைகாப்பை அவங்க வீட்டோட சிம்பிளா முடிச்சுக்கிறாங்களாம். நீ அலைய வேண்டாம். கொழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கையில் இருந்த சதுரங்களைப் பார்த்தாள். உன் அப்பன் வேட்டியைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனாயே என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவன் உடைந்துவிடுவான். அடுத்த பஸ்ஸில் வந்து காலில் விழுந்தாலும் விழுவான். ஆனால் அது அவனைத் திரும்பிப் பார்க்க வைத்ததாக ஆகிவிடும். பரிகாரம் பாழாகும். அங்கே ஒரு வயிற்றில் பிள்ளை இருக்கிறது.

"தம்பி," என்றாள். "முழுகிட்டுப் போறப்ப திரும்பிப் பாக்கலையே?"

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லம்மா," என்றான் கடைசியில்.

"அப்பச் சரி. செம்மொழிய மாடிப்படி ஏற விடாத." போனை வைத்துவிட்டாள்.

சட்டையைச் சாக்கில் போட்டாள். சதுரங்களைப் பிழிந்து மடியில் கட்டினாள். வண்டியோடு வந்த துரைராசு அதைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, நீங்க எதையும் எடுக்க மாட்டீங்களே?"

"இது எங்க வீட்டுத் துணி தம்பி."

அவன் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. குதிகாலில் குளத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அடிபம்புக்குப் பக்கத்தில் செங்கல் துண்டு எப்போதும் போலக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழன்று வந்த பீடை எங்கேயாவது தங்கித்தான் ஆக வேண்டும். இங்கே இடம் கிடைக்காவிட்டால் அது ஓசூருக்கு வழி தேடும்.

அன்று அவள் குதிகாலைத் தேய்க்கவில்லை. மடியில் இருந்த ஈரத்துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சேற்றுக்காலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.